குருதிப் பிரிவுகளைக் கண்ட அறிஞர்

பிறர் குருதியை ஏற்றி உயிர்காப்பதை நாம் இன்று எளிதெனக் கருதுகிறோம். 19ஆம் நூற்றாண்டில் அவ்வாறு ஏற்றப்பெற்றோருள் சிலர் பிழைத்தனர், பலர் மாண்டனர். காரணத்தை விளக்கியவர் கார்ல் லேண்ட்ஸ்டைனர் ஆவார்.

இவர் 1868ஆம் ஆண்டு ஜூன் 14ஆம் நாள் ஆஸ்திரியாவின் வியன்னா நகரில் பிறந்தார். சிறுவயதிலேயே தந்தையை இழந்தார். அன்னையே வளர்த்து ஆளாக்கினார். 1891இல் மருத்துவப் பட்டம் பெற்றபின், ஜெர்மனி சென்று, சர்க்கரைகளின் அமைப்பை ஆராய்ந்த எமில் ஃபிஷரிடம் வேதியியல் பயின்றார். அப்பயிற்சி எத்துணைப் பொருத்தமானது என்பதைப் பின்னர்க் காண்போம்.

வியன்னாவுக்கு மீண்டவர், தம் குருதியையும் உடன் பணியாற்றியோர் குருதியையும் எடுத்தார். ஒருவருடைய சிவப்பணுக்களை மற்றொருவருடைய குருதிநீரோடு கலந்தார். சில கலவைகளில் அணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டன, சிலவற்றில் திரளவில்லை. சோதனை இவ்வளவே! பொருந்தாக் குருதியை ஏற்றினால் நோயாளியின் உடலிலும் இத்தகைய கேடு நேர்கிறது. அதனாலன்றோ அத்தனை பேர் மாண்டனர்! 1901இல் மூன்று பிரிவுகளை அவர் வெளியிட்டார். அவற்றையே நாம் ஏ, பி, ஓ என்கிறோம். நான்காவதாகிய ஏபியை மறு ஆண்டு அவர்தம் தோழர்கள் கண்டனர். 1930இல் நோபெல் பரிசு அவரை நாடி வந்தது.

இவ்வேறுபாடு எதனால்? சிவப்பணுவின் மேற்பரப்பில் நுண்ணிய சர்க்கரைச் சங்கிலிகள் உள்ளன. அவற்றின் நுனியில் ஏ பிரிவினர்க்கு ஒருவகைச் சர்க்கரையும், பி பிரிவினர்க்கு வேறொன்றும் அமைந்துள்ளன. ஏபி பிரிவினர்க்கு இரண்டும் உண்டு. ஓ பிரிவினர்க்கு இரண்டுமே இல்லை. ஒரு சிறு சர்க்கரைதான் உயிரையும் சாவையும் பிரித்து நின்றது!

ஃபிஷரின் மாணவராகிய லேண்ட்ஸ்டைனர் இதனை முழுதும் அறியும் பேறு பெற்றிலர். 1943 ஜூன் 24ஆம் நாள் நியூயார்க் ஆய்வுக்கூடத்தில் மாரடைப்புற்று, இரு நாளில் மறைந்தார். சங்கிலி நுனியின் உண்மை 1950களில்தான் தெளிவாயிற்று.