தூக்கிலிட்ட பிறகும் நடுங்க வைத்த கான்சாகிபு

சண்டையில் வெட்டுப்பட்டுச் சாகிறவன் லேசில் அடங்க மாட்டான். ஆவியாக வருவான், படையல் கேட்பான். நெல்லைச் சீமையில் இந்த நம்பிக்கை மிகப் பழையது. வெள்ளைக்காரரும் இதற்கு விலக்கல்ல. 1809-ல் திருவிதாங்கூர்ச் சண்டையில் காயம்பட்டு இறந்தார் போல் என்ற ஆங்கிலேயக் கேப்டன். மணற்காட்டில் இருந்த அவருடைய கல்லறையில் மக்கள் சாராயமும் சுருட்டும் வைத்துக் கும்பிட்டார்கள். இடையன்குடியில் வாழ்ந்த கால்டுவெல் பாதிரியார் இதை எழுதி வைத்திருக்கிறார்.

பாமர மக்கள்தான் பயந்தார்களா? படையும் பணமும் படைத்த ஆற்காட்டு நவாபே ஒரு பிணத்துக்குப் பயந்ததாக ஒரு கதை உண்டு. அந்தப் பிணம் மருதநாயகத்தினுடையது.

பனையூர்ப் பையன்

ராமநாதபுரம் சீமையில் பனையூரில் 1725-ஆம் ஆண்டு வாக்கில் பிறந்தவர் மருதநாயகம். இளவயதிலேயே வீட்டை விட்டு ஓடினார். இஸ்லாத்தைத் தழுவி முகம்மது யூசுப்கான் ஆனார். 1752-ல் சிப்பாய்கள் சிலருடன் கிளைவின் படையில் சேர்ந்தார். இரண்டே ஆண்டில் கும்பினிச் சிப்பாய்கள் எல்லோருக்கும் அவரே தலைவர்! தங்கப்பதக்கமும் கிடைத்தது. கமாண்டன்ட் என்ற பதவிப் பெயர் ஜனங்கள் வாயில் கம்மந்தான் ஆயிற்று. கம்மந்தான் கான்சாகிபு என்றால் ஊரே அறியும்.

1758 கடைசியில் பிரெஞ்சுத் தளபதி லாலி சென்னைக் கோட்டையை முற்றுகையிட்டார். கான்சாகிபு வெளியே நின்று, பிரெஞ்சுப் படைக்குப் போன உணவு வண்டிகளை மடக்கினார். லாலி பின்வாங்கினார். அடுத்த ஆண்டே மதுரை, திருநெல்வேலிச் சீமைகள் கான்சாகிபுக்குக் குத்தகையாகக் கிடைத்தன. ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் கட்ட வேண்டும்.

தாமிரபரணிக் கரையில் அவரை வாழ்த்தியவர்களும் உண்டு, சபித்தவர்களும் உண்டு. கொள்ளையை அடக்கினார், வரியை ஒழுங்காக வாங்கினார். அதே கைதான் நெற்கட்டும்செவல் புலித்தேவரின் கோட்டைகளையும் இடித்தது. 1761-ல் வாசுதேவநல்லூர்க் கோட்டை விழுந்தது. வெள்ளையருக்காக அவர் செய்த இந்த வேலையை நெல்லை மக்கள் எளிதில் மறந்திருக்க முடியாது.

மூன்றாம் முறை

பிறகு வந்தது வினை. கான்சாகிபு தன் கையாள்தான், பணத்தைத் தன்னிடமே கட்ட வேண்டும் என்றார் நவாபு முகம்மது அலி. கும்பினியும் நவாபு பக்கம் சாய்ந்தது. கான்சாகிபு பணியவில்லை. 1763-ல் பிரெஞ்சுக் கொடியை ஏற்றிவிட்டு, மதுரைக் கோட்டைக் கதவைச் சாத்தினார்.

பீரங்கிகள் முழங்கின. 1764 ஜூன் 26-ல் கோட்டைமீது பாய்ந்த ஆங்கிலப் படை அடிபட்டுத் திரும்பியது. மேஜர் பிரெஸ்டன் அதில் பட்ட காயத்தால் மாண்டார். பீரங்கியால் முடியாததைப் பசி செய்தது. அக்டோபர் 13-ல் சொந்த ஆட்களே கான்சாகிபைப் பிடித்துக் கட்டினார்கள். பிரெஞ்சுக்காரர் மர்ச்சந்தும், சீனிவாசராவும் அதில் முக்கியமானவர்கள். தொழுகையில் இருந்தபோது, அவருடைய தலைப்பாகைத் துணியாலேயே கட்டினார்கள் என்றும் சொல்வதுண்டு.

அக்டோபர் 15-ல் தூக்கு. கயிற்றில் இரண்டு முறை மாட்டியும் உயிர் போகவில்லையாம்! மூன்றாம் முறைதான் போயிற்றாம். அதைக் கண்டவர்களுக்குக் குலை நடுங்கியது. புதைத்தால் எழுந்து வந்துவிட்டால்? உடலைத் துண்டு போட்டார்கள் என்கிறது கதை. தலை திருச்சிக்குப் போயிற்று. கை கால்கள் பாளையங்கோட்டைக்கும் தஞ்சைக்கும் பெரியகுளத்துக்கும் திருவிதாங்கூருக்கும் போயின.

பேய்ப் பயம் மட்டும்தானா? பாளையங்கோட்டை பட்டாளம் தங்கிய ஊர். கான்சாகிபு உயிரோடு இருக்கிறார் என்று ஒரு வதந்தி கிளம்பினாலும் சிப்பாய்கள் மனம் மாறலாம். செத்துவிட்டார் என்று கண்ணால் காட்ட வேண்டியிருந்தது போலும்.

அவருடைய போரை "கான்சாகிபு சண்டை" என்று கதைப்பாட்டாகப் பாடினார்கள். 1997-ல் கமல்ஹாசன் "மருதநாயகம்" படத்தைத் தொடங்கினார். எலிசபெத் ராணியே தொடக்க விழாவுக்கு வந்தார். படம் பாதியில் நின்றது.

எஞ்சிய உடலை மதுரைக்கு மேற்கே சம்மட்டிபுரத்தில் அடக்கம் செய்தார்கள். அங்கே 1808-ல் ஒரு பள்ளிவாசல் எழுந்தது. கான்சாகிபு பள்ளிவாசல் என்று அதற்குப் பெயர். எழுந்து வந்துவிடுவார் என்று எவருக்கு அஞ்சினார்களோ, அவருடைய அடக்கத்தின் அருகே ஜனங்கள் அச்சமில்லாமல் தொழுதார்கள்.