மீன் ஆராய்ச்சியாளர் எப்படி வாள் நிபுணர் ஆனார்? பேஷ்ஃபர்ட் டீனின் கதை

நியூயார்க்கில் இருக்கும் மெட்ரோபொலிட்டன் அரும்பொருளகத்துக்கு நீங்க போனா, முதல்ல எகிப்து மம்மிகளைத்தான் தேடிப் போவீங்க. ஆனா அதே கட்டடத்தில் இன்னொரு பெரிய கூடம் இருக்கு. இரும்புக் கவசம் பூட்டிய குதிரைகள் மீது கவச வீரர்கள். சுற்றியுள்ள அறைகளில், கண்ணாடிப் பெட்டிகளுக்குள் நீளமான வாள்களும் குறுவாள்களும்.

அந்த ஆயுதப் பிரிவை 1912இல் தொடங்கி நடத்தியவர் ராணுவ அதிகாரி இல்லை. வரலாற்றுப் பேராசிரியரும் இல்லை. மீன்களைப் படித்தவர். பெயர் பேஷ்ஃபர்ட் டீன்.

1867இல் நியூயார்க்கில் பிறந்த டீனுக்குச் சின்ன வயதிலேயே இரண்டு விஷயங்களில் பைத்தியம். ஒன்று மீன், இன்னொன்று பழைய கவசம். படிப்பில் படுவேகம். 1890இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் வாங்கியபோது அவருக்கு வயது 22தான். அங்கேயே விலங்கியல் பேராசிரியரும் ஆனார்.

அவர் ஆராய்ந்த மீன்களில் ஒரு வகையைப் பற்றி நீங்க கேள்விப்பட்டிருக்கலாம். 36 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலில் வாழ்ந்த டங்கிலியோஸ்டியஸ் போன்ற மீன்கள். தலையும் தோளும் தடித்த எலும்புத் தகடுகளால் மூடியிருக்கும். இரண்டுக்கும் நடுவே ஒரு மூட்டு. படத்தைத் தேடிப் பாருங்க, தலைக்கவசமும் மார்புக்கவசமும் போட்ட மாதிரியே இருக்கும். ஒரே மனிதருக்கு இந்த மீனும் பிடித்தது, இரும்புக் கவசமும் பிடித்தது என்றால் அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

சென்ட்ரல் பூங்காவின் ஒரு பக்கம் இயற்கை வரலாற்று அரும்பொருளகம், எதிர்ப்பக்கம் மெட்ரோபொலிட்டன். டீன் ஒரே காலத்தில் இரண்டிலும் பொறுப்பு வகித்தவர். அங்கே மீன், இங்கே வாள். மீன் ஆராய்ச்சிக்காக ஜப்பானுக்குப் போனவர், சாமுராய் கவசங்களையும் சேர்க்கத் தொடங்கினார். அந்தத் தொகுப்பை 1914இல் மெட்ரோபொலிட்டனுக்கே அன்பளிப்பாகக் கொடுத்தார்.

சரி, வாள் விஷயத்துக்கு வருவோம்.

ரேப்பியர் என்பது 16, 17ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் பிரபலமான வாள். 'மஸ்கட்டியர்' படங்களில் பார்த்திருப்பீங்க. ஒரு மீட்டருக்கும் நீளமான ஒல்லி அலகு. வெட்டுவதைவிடக் குத்துவதற்கே ஏற்றது. பார்க்க லேசாகத் தெரியும், ஆனா பல ரேப்பியர்கள் 1 கிலோவுக்கு மேல் எடை. போர்க்களத்தைவிடத் தெருவில்தான் இதை அதிகம் பார்க்கலாம். இடுப்பில் ரேப்பியர் தொங்கினால் அவர் கனவான் என்று அர்த்தம்.

வலக்கையில் இவ்வளவு நீள வாள் இருந்தால் இடக்கை சும்மா இருக்குமா? அதற்கென்றே ஒரு குறுவாள். எதிரியின் வாளைத் தடுத்து ஒதுக்கிவிடுவதுதான் அதன் முதல் வேலை. அதனால்தான் அதன் கைக்காப்பு வித்தியாசமாக இருக்கும். சிலவற்றில் இரண்டு பக்கமும் நீளக் கம்பிகள். ஸ்பெயினில் செய்த சிலவற்றில் விரல்களை மூடும்படி படகுப் பாய் மாதிரி முக்கோணத் தகடு. இன்னும் சிலவற்றில் அலகிலேயே சீப்புப் பல் போல வெட்டுகள், எதிரியின் வாளை மாட்டிப் பிடிக்க. வாளையும் குறுவாளையும் ஒரே அலங்காரத்தில் சோடியாகச் செய்து தருவதும் உண்டு. சோடி பிரியாமல் நமக்குக் கிடைத்தவை குறைவு, அதனால் சேகரிப்பவர்களுக்கு அவற்றின்மேல் தனி ஆசை.

ஆசை இருக்கும் இடத்தில் போலியும் வருமே! 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியப் பணக்காரர்கள் பழைய ஆயுதங்களைப் போட்டி போட்டு வாங்கினார்கள். ஒரு வாளின் கைப்பிடியும் இன்னொன்றின் அலகும் சேர்ந்து புது 'பழைய' வாள் பிறந்தது. முழுசாகவே புதிதாகச் செய்து, துருவேற்றி விற்றவர்களும் இருந்தார்கள். இதில் வேடிக்கை என்னவென்றால், ஏமாற்று வேலை ரேப்பியர் காலத்திலேயே இருந்தது. ஸ்பெயினின் டொலேடோ நகர வாள்களுக்கு நல்ல பெயர். ஜெர்மனியின் சோலிங்கன் நகரப் பட்டறைகள் தங்கள் அலகுகளில் டொலேடோ கொல்லர்களின் பெயரைப் பொறித்து விற்றன. சோலிங்கன் அலகும் தரமானதுதான், ஆனா பெயருக்குத்தானே விலை! ஆக, அலகில் இருக்கும் பெயரை மட்டும் நம்பி நீங்க ஒரு வாளை வாங்கிவிட முடியாது.

இங்கேதான் டீனின் மீன் படிப்பு கைகொடுத்தது. விலங்குகளுக்குப் பரிணாம மரம் வரைவது மாதிரி அவர் வாளுக்கும் குறுவாளுக்கும் தலைக்கவசத்துக்கும் மரம் வரைந்தார். எந்த வடிவத்திலிருந்து எது கிளைத்தது, எது வாரிசு இல்லாமல் அழிந்தது என்று பார்த்தார். அப்படிப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, பொருந்தாத அலகும் கைப்பிடியும் கோழி உடம்பில் காக்கைச் சிறகு ஒட்டின மாதிரித் தெரியும். அந்த மரங்கள் கொஞ்சம் அதிகமாகவே ஒழுங்கானவை என்பது என் கருத்து. வாள் குட்டி போடாது. ஒரு கொல்லர் பக்கத்து நாட்டு ஃபேஷனைப் பார்த்து ஒரே வாரத்தில் வடிவத்தை மாற்றிவிடலாம், மீனால் அது முடியாது. ஆனாலும் அழகு, விலை என்று மட்டும் பார்த்துக்கொண்டிருந்த ஒரு துறையில், இது ஏன் இந்த வடிவத்தில் இருக்கு என்ற கேள்வியை அவர் அழுத்திக் கேட்டார்.

பொருள் சேர்ப்பதிலும் கெட்டிக்காரர். பாரிசில் வாழ்ந்த அமெரிக்கர் வில்லியம் ரிக்ஸ் வாழ்நாளெல்லாம் சேர்த்த ஆயுதத் தொகுப்பு 1913இல் அன்பளிப்பாக நியூயார்க் வந்தது. அதற்குப் பின்னால் டீனின் பொறுமையான முயற்சி இருந்தது.

பிறகு முதல் உலகப் போர். 1917இல் அமெரிக்கா போரில் இறங்கியது. வீரர்களுக்கு நல்ல தலைக்கவசம் வேண்டும். யாரைக் கேட்பது? டீனுக்கு மேஜர் பதவி கொடுத்தார்கள். அவர் மெட்ரோபொலிட்டனின் பட்டறையையே பயன்படுத்தினார். பழைய கவசங்களைப் பழுதுபார்க்க வந்திருந்த பிரெஞ்சுக் கைவினைஞர் டேனியல் டஷோ, அதே சுத்தியலால் புது மாதிரிகளைத் தட்டி எடுத்தார்.

அப்போது அமெரிக்க வீரர்கள் போட்டது பிரிட்டிஷ் வடிவத் தட்டைக் கவசம். மேலிருந்து விழும் சிதறலைத் தடுக்கும், காதையும் பின்கழுத்தையும் அது மறைக்காது. டீனின் மாதிரிகள் அந்த இடங்களையும் மூடின. காயங்களில் பெரும்பகுதி வேகம் குறைந்த சிதறல்களால் வருகிறது, அவற்றைக் கவசத்தால் நிறுத்த முடியும் என்பது அவர் வாதம். ஆனா ஒரு மாதிரி ஜெர்மன் கவசம் போலவே இருந்தது. போர்க்களத்தில் நம்ம ஆளை நம்மவரே எதிரி என்று சுட்டுவிட்டால்? அது நியாயமான பயம்தான். அவர் பரிந்துரைத்த ஐந்தாம் மாதிரி சோதனையைத் தாண்டுவதற்குள், 1918 நவம்பரில் போர் முடிந்தது. தட்டைக் கவசத்தோடுதான் வீரர்கள் ஊர் திரும்பினார்கள். டீன் தான் கற்றதையெல்லாம் 1920இல் ஒரு புத்தகமாக எழுதிவைத்தார்.

1926இல் பாலஸ்தீனத்தின் மான்ட்ஃபோர்ட் கோட்டையில் தோண்டினார்கள். 1271இல் வீழ்ந்த சிலுவைப்போர் கோட்டை அது. 13ஆம் நூற்றாண்டுக் கவசம் கிடைக்கும் என்பது டீனின் கனவு. கிடைத்ததில் கவசம் துண்டு துண்டாகக் கொஞ்சம்தான். செதுக்கிய கற்களும் கண்ணாடியும் நாணயங்களும்தான் மிச்சம்.

கடைசி ஆண்டுகளில் மெட்ரோபொலிட்டனின் குறுவாள்களுக்கு ஒரு பட்டியல் நூலும், அரசவை வாள்களுக்கு ஒரு பட்டியல் நூலும் தயாரித்தார். இரண்டும் 1929இல் வெளிவந்தன. டீன் 1928 டிசம்பரிலேயே காலமாகிவிட்டார். அவருடைய சொந்தத் தொகுப்பில் ஒரு பகுதி மெட்ரோபொலிட்டனுக்குப் போனது, மற்றவை விற்கப்பட்டுப் பல கைகளுக்குப் பிரிந்தன. அவரிடம் உதவியாளராக இருந்த கார்ல் ஓட்டோ வான் கீன்புஷ் பின்னாளில் பெரிய சேகரிப்பாளர் ஆனார். அவர் சேர்த்தவற்றை இன்றைக்கு ஃபிலடெல்ஃபியா கலை அரும்பொருளகத்தில் நீங்க பார்க்கலாம்.