பீற்றர் லோரி: எதிரி திருடிய முகம்

1940ஆம் ஆண்டு நாசி ஜேர்மனியின் திரையரங்குகளில் 'நித்திய யூதன்' என்ற பிரசாரப் படம் காட்டப்பட்டது. யூதர்களை வெறுக்க மக்களைப் பழக்குவதே அதன் நோக்கம். அதன் நடுவே, கொலைகாரன் ஒருவன் கண்கள் பிதுங்கக் கதறும் காட்சியொன்று செருகப்பட்டிருந்தது. அது உண்மைச் சம்பவம் அல்ல, ஒன்பது ஆண்டுகளுக்கு முன் வெளிவந்த கதைப்படம் ஒன்றின் துண்டு. அதில் நடித்தவர் யூதர் என்பதே அதை எடுத்துப் பயன்படுத்தியவர்களுக்குப் போதுமாக இருந்தது. அந்த நடிகர் பீற்றர் லோரி. அவர் அப்போது ஜேர்மனியை விட்டுத் தப்பி அமெரிக்காவில் வாழ்ந்துகொண்டிருந்தார்.

லோரி 1904 யூன் 26ஆம் திகதி, அன்றைய ஒஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசில், இன்று ஸ்லொவாக்கியாவுக்குள் இருக்கும் ஒரு சிறு நகரில் பிறந்தார். லாஸ்லோ லோவென்ஸ்டைன் என்பது பெற்றோர் வைத்த பெயர். சிறுவயதிலேயே தாயை இழந்தார். வியன்னாவில் வங்கி எழுதுவினைஞராகச் சிலகாலம் வேலை பார்த்தார். மனம் அங்கே ஒட்டவில்லை. நாடக மேடைக்குப் போனார். குள்ளமான உடல், உருண்ட முகம், பெரிய கண்கள், மெல்லிய குரல். கதாநாயகனுக்கு உரியதென்று எவரும் சொல்லாத அந்தத் தோற்றத்தோடு பேர்லின் வரை சென்றார். அங்கே நாடகாசிரியர் பெர்டோல்ட் பிரெக்டின் நாடகங்களில் நடித்தார்.

1931இல் இயக்குநர் பிரிட்ஸ் லாங்கின் 'எம்' படம் அவரை உலகறியச் செய்தது. சிறுவர்களைக் கொல்லும் ஒருவனின் பாத்திரம் அது. பார்ப்பவர் அவனை வெறுத்தபடியே அவனுடைய பயத்தையும் உணரும்படி லோரி நடித்தார். பின்னாளில் நாசிகள் வெட்டி எடுத்தது இந்த நடிப்பைத்தான்.

1933இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும் லோரி வெளியேறினார். வியன்னா, பாரிஸ், லண்டன் என்று அலைந்தார். லண்டனில் அல்பிரட் ஹிட்ச்கொக் தன் படத்தில் வில்லன் வேடம் கொடுத்தபோது, லோரிக்கு ஆங்கிலம் சரியாகத் தெரியாது. வசனங்களை ஒலியாகவே மனனம் செய்து பேசினார். 1934இல் வெளிவந்த அந்தப் படம் அவருக்கு ஹொலிவூட்டின் கதவைத் திறந்தது.

அங்கே அவருக்குக் கிடைத்தவை பெரும்பாலும் அந்நியன், வஞ்சகன், பைத்தியக்காரன் வேடங்கள்தான். மோட்டோ என்ற ஜப்பானியத் துப்பறிவாளனாக 1937 முதல் 1939 வரை எட்டுப் படங்களில் நடித்தார். 1942இன் 'கசாபிளாங்கா'வில் அவர் வருவது சில நிமிடங்கள் மட்டுமே. போரில் சிக்கியவர்கள் தப்பிச் செல்வதற்கான பத்திரங்களை விற்பவன், தன்னைத் தேடி வந்தவர்களிடம் பிடிபட்டு, காப்பாற்றும்படி கெஞ்சுகிறான். எவரும் காப்பாற்றவில்லை. அந்தப் படத்தில் நடித்த பலர் உண்மையிலேயே நாசிகளிடமிருந்து தப்பி வந்தவர்கள். ஒரு கடவுச்சீட்டின் பெறுமதி என்னவென்று அவர்களுக்கு எவரும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

இளவயதுச் சத்திரசிகிச்சையின் வலிக்காகக் கொடுக்கப்பட்ட மோர்பின் பின்னர் பழக்கமாகி, நீண்டகாலம் அவரை வதைத்தது. கடனும் சேர்ந்தது. அந்த நிலையிலும் போருக்குப் பின் ஜேர்மனிக்குத் திரும்பி, தானே எழுதி, இயக்கி, நடித்து ஒரு படத்தை எடுத்தார். 'தொலைந்தவன்' என்று பொருள்படும் பெயருடைய அந்தப் படம் 1951இல் வெளியானது. நாசி ஆட்சியில் ஆய்வாளராக இருந்த மருத்துவர் ஒருவர் தன் காதலியைக் கொல்கிறார். அவர் தேவைப்படுகிறார் என்பதால் அரசு அந்தக் கொலையை மூடிமறைக்கிறது. போர் முடிந்தபின் அகதி முகாமொன்றில் அந்தக் கடந்தகாலம் அவர்முன் வந்து நிற்கிறது. குற்றத்தைப் பற்றிப் பேச ஜேர்மனியப் பார்வையாளர்கள் அன்று விரும்பவில்லை. படம் தோற்றது. லோரி மறுபடி எதையும் இயக்கவில்லை.

அமெரிக்கா திரும்பியவருக்குத் தொலைக்காட்சி வேலை கொடுத்தது. 1954இல் நேரடியாக ஒளிபரப்பான 'கசினோ ரோயல்' நாடகத்தில் ஜேம்ஸ் பொண்டின் எதிரியாக வந்தார். பொண்ட் கதைகளில் திரையில் தோன்றிய முதல் வில்லன் அவரே. கடைசி ஆண்டுகளில் திகில் நகைச்சுவைப் படங்களில் தன் பழைய பயங்கர வேடங்களைத் தானே கேலிசெய்து சிரிக்கவைத்தார். 1964 மார்ச் 23ஆம் திகதி லொஸ் ஏஞ்சல்ஸில் பக்கவாதத்தால் காலமானார். வயது 59.

'நித்திய யூதன்' படத்தை இன்று ஜேர்மனியில் விளக்கவுரை இல்லாமல் பொதுமக்களுக்குத் திரையிட முடியாது. அதிலிருந்து பிரித்து, 'எம்' படத்தை உலகெங்கும் மாணவர்கள் பார்க்கிறார்கள். 'தொலைந்தவன்' படத்தையும் திரைப்பட வரலாற்றாளர்கள் பின்னர் தேடி எடுத்துப் பேசினார்கள். ஒரு மக்களுக்கு எதிரான சாட்சியாக்கப்பட்ட அந்த முகம், இப்போது அதைத் திருடியவர்களுக்கு எதிரான சாட்சியாக இருக்கிறது. அதைக் காண லோரி உயிரோடு இல்லை.