கபிலரும் கீழையூரும்

கள்ளக்குறிச்சி மாவட்டத்துத் திருக்கோவலூரைச் சார்ந்தது கீழையூர். அதனருகே பெண்ணையாற்றினிடையே நிற்கும் பாறையொன்றைக் கபிலர் குன்றென ஊரார் வழங்குவர்.

குறிஞ்சிப்பாட்டியற்றிய கபிலர், பறம்புமலைத் தலைவன் பாரியின் ஆருயிர் நண்பர். மூவேந்தர் பகையாற் பாரி மாண்டபின் உயிர்வாழ விரும்பாராயினும், தந்தையை இழந்த மகளிரைக் கைவிடலாகாதென்று, அவர்க்கு மணமகன் தேடி ஊரூராய் நடந்தார். விச்சிக்கோன் ஏற்றிலன், இருங்கோவேளும் மறுத்தான். புலவர் தளர்ந்திலர்.

முடிவில் மகளிரை அந்தணரிடம் ஒப்புவித்து வடக்கிருந்தாரென்பது புறநானூற்றுக் குறிப்பு. பாரிமகளை மலையமானுக்கு மணஞ்செய்வித்துத் தீப்புகுந்தாரென்பது, முதலாம் இராசராசன் (985–1014) காலத்துக் கீழையூர்க் கோயிற் கல்வெட்டு. செய்தி வேறுபடினும், நண்பன் மக்களுக்குப் புகலிடங்கண்ட பின்னரே அவர் உயிர் நீத்தாரென்பதில் இரண்டும் ஒன்றுபடும்.

மாணவ நண்பர்காள்! இறந்தார்க்குச் செய்யுங் கடமையும் நட்பின்பாற்பட்டதே.