எழுத்தைத் தொட்டுக் காட்டிய மாண்டிசோரி அம்மையார்

ஸ்ரீரங்கத்தில் எங்கள் பாட்டனார் எழுத்துக் கற்றது சிலேட்டில் அன்று, மணலில். திண்ணைப் பள்ளி வாத்தியார் காவிரி மணலைப் பரப்பி, பிள்ளையின் சுட்டுவிரலைப் பிடித்து எழுத வைப்பாராம். வாய் சொல்லும், காது கேட்கும், கண் பார்க்கும், விரல் மணலில் வரையும். இப்போது அந்த வழக்கம் விஜயதசமியன்று தாம்பாளத்து அரிசியில் ஒருநாள் நடந்து முடிந்துவிடுகிறது. விரல் வழியே எழுத்து மனத்தில் பதியும் என்பதைத் தம் வழியில் கண்டறிந்து, அதற்கென்றே ஆசிரியர்களைப் பயிற்றுவித்த மேரி மாண்டிசோரி அம்மையாரின் வாழ்க்கையை மாணவிகளுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

இத்தாலி நாட்டில் கியாரவாலே என்னும் சிற்றூரில் 1870 ஆகஸ்டு 31-ஆம் நாள் பிறந்தார். தந்தை அரசு அலுவலர். பெண்கள் ஆசிரியைகளானால் போதும் என்று எண்ணிய காலத்தில், ஆண்பிள்ளைகள் பயிலும் தொழில்நுட்பப் பள்ளியில் சேர்ந்தார். பின்பு மருத்துவம் படிக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். தந்தைக்கு இது சற்றும் பிடிக்கவில்லை. தாயார்தான் துணை நின்றார். மாணவர்களுடன் சேர்ந்து பிணத்தை அறுத்துப் பார்ப்பது பெண்ணுக்குத் தகாது என்று கூறப்பட்டதால், மற்றவர்கள் சென்ற பிறகு மாலையில் தனியே அந்தப் பாடத்தைச் செய்தார். 1896-இல் உரோமைப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்றார். அந்நாட்டின் முதல் பெண் டாக்டர் என்று பல நூல்கள் எழுதுகின்றன, அது சரியன்று. அவருக்கு முன்பும் சிலர் இருந்தனர்.

அதே 1896-இல் இங்கிலாந்தில் பிரிங்கில் மார்கன் என்னும் டாக்டர் 14 வயதுச் சிறுவன் ஒருவனைப் பற்றி எழுதினார். கெட்டிக்காரப் பையன், ஆனால் படிக்க மட்டும் வரவில்லை. தன் பெயரைக்கூட எழுத்து மாற்றி எழுதினான். இத்தகைய குறைக்கு ‘டிஸ்லெக்சியா’ என்ற பெயரை ரூடால்ஃப் பெர்லின் என்னும் ஜெர்மன் கண் மருத்துவர் 1887-லேயே வழங்கியிருந்தார். பெயர் கிடைத்துவிட்டது, இப்பிள்ளைகளுக்கு யார் சொல்லிக்கொடுப்பது?

நான் சிறுமியாய் இருந்தபோது எங்கள் வகுப்பின் கடைசிப் பெஞ்சில் ஒருத்தி இருந்தாள். கணக்கை வாயாலேயே போட்டுவிடுவாள். எழுதச் சொன்னாலோ லகர ளகரம் மாறும். கொம்பு எழுத்துக்கு முன்னால் நிற்பதா பின்னால் நிற்பதா என்று திகைப்பாள். கொம்பை முன்னால் எழுதிவிட்டு ஒலியைப் பின்னால் சொல்வது நம் எழுத்தின் இயல்பு; அது அவளை அலைக்கழித்தது. சோம்பேறி என்று முட்டி போட வைத்தார்கள். எட்டாம் வகுப்போடு நின்றுவிட்டாள். அடித்த ஆசிரியையையும் குறைகூற மனம் வரவில்லை. அவருக்கு இதை யாரும் கற்பிக்கவில்லையே!

மாண்டிசோரி அம்மையார் முதலில் கண்டது இவளைப் போன்றவர்களை அல்ல. இன்னும் பாவப்பட்ட குழந்தைகளை. மனநோய் விடுதியில் ஒரு வெற்றறையில் அவர்களை அடைத்து வைத்திருந்தார்கள். உணவு முடிந்ததும் தரையில் சிந்திய ரொட்டித் துணுக்குகளைப் பொறுக்குகிறார்கள் என்று காவல்காரி வெறுப்புடன் கூறினாள். அம்மையார் உற்றுப் பார்த்தார். அவ்வறையில் கையால் தொட்டுப் பார்க்க வேறொரு பொருளும் இல்லை! பசி வயிற்றுக்கன்று, கைக்கு என்று உணர்ந்தார். இதார், செகுவேன் என்னும் பிரெஞ்சு மருத்துவர்களின் நூல்களைத் தேடிப் படித்தார். செகுவேனின் நூல் மட்டும் 600 பக்கங்களுக்கு மேல். அதை இத்தாலிய மொழியில் தம் கையாலேயே முழுவதும் எழுதிக்கொண்டார்.

1900-இல் உரோமையில் இத்தகைய குழந்தைகளுக்கான ஆசிரியர்களைப் பயிற்றுவிக்க ஒரு பள்ளி தொடங்கியது. இயக்குநர் இருவரில் அம்மையார் ஒருவர். முதல் அணியில் 64 ஆசிரியர்கள். பட்டம் பெற்ற டாக்டர் காலை 8 மணி முதல் மாலை 7 மணி வரை குழந்தைகளோடு தரையில் அமர்ந்தார், இரவில் குறிப்பெழுதினார். கற்க இயலாதவர்கள் என்று தள்ளப்பட்ட சிலர் பொதுத் தேர்வில் மற்ற மாணவர்களுடன் எழுதித் தேறினர். ஊரே வியந்தது. அம்மையாருக்கோ வேறு கவலை: நல்ல நிலையிலுள்ள பிள்ளைகளை இவர்களுக்குச் சமமாக நிறுத்தும் அளவுக்குச் சாதாரணப் பள்ளிகள் என்னதான் செய்கின்றன?

அவர் வாழ்வில் ஒரு துயரமும் உண்டு. 1898-இல் மகன் மாரியோ பிறந்தான். திருமணம் நடக்கவில்லை. பிறர் பிள்ளைகளுக்காக நாளெல்லாம் உழைத்த தாய், தம் பிள்ளையைக் கிராமத்தில் வேறொரு குடும்பத்திடம் விட்டு, விருந்தாளிபோல் சென்று பார்த்துவந்தார். பதினைந்து வயதளவில்தான் மகன் தாயிடம் சேர்ந்தான்.

1907 ஜனவரி 6, மூவரசர் திருநாளன்று, உரோமையின் சான் லொரென்சோ ஏழைப் பகுதியில் குழந்தைகள் இல்லம் திறந்தார். முன்பு மரத்தில் செய்த எழுத்துகளுக்குப் பணமில்லை. உப்புத்தாளை எழுத்து வடிவில் வெட்டி அட்டையில் ஒட்டினார். குழந்தைகள் விரலால் தடவி ஒலியைச் சொன்னார்கள். விரைவில் பிரான்சிஸ்கன் மரியின் மறைபரப்புச் சகோதரிகளின் உரோமைக் கன்னியர் மடத்திலும் அத்தகைய இல்லம் தோன்றியது. அச்சபை 1877-இல் நம் ஊட்டியில் பிறந்தது என்பதை அருட்சகோதரிகள் மகிழ்ந்து நினைவுகூர்வார்கள்.

1939 நவம்பரில் அம்மையார் சென்னை வந்தார். அடையாற்றில் ஓலைக் கொட்டகையில் ஏறத்தாழ 300 ஆசிரியர்கள் கூடினர். அவர் இத்தாலிய மொழியில் பேச, மாரியோ ஆங்கிலத்தில் சொன்னார். 1940-இல் இத்தாலி போரில் இறங்கவே, ஆங்கிலேய அரசு மாரியோவைச் சிறைமுகாமில் அடைத்தது. ஆகஸ்டு 31, தாயின் எழுபதாம் பிறந்த நாளன்று வைசிராயிடமிருந்து தந்தி வந்தது: மகனை விடுதலை செய்கிறோம் என்று. நாற்பதாண்டுகளாக உறவினன் என்றே பிறரிடம் கூறப்பட்டவர், அந்தத் தந்தியில் மகன் என்றே குறிக்கப்பட்டார். பின்பு இருவரும் 1942 முதல் 1944 வரை கொடைக்கானலில் தங்கிப் பயிற்சியைத் தொடர்ந்தனர். இந்தியாவில் அவரிடம் பயின்ற ஆசிரியர்கள் ஆயிரத்துக்கும் மேல்.

டிஸ்லெக்சியாவை அவர் தனியே ஆராய்ந்தவர் அல்லர். 1930-களில் அமெரிக்காவில் டாக்டர் ஆர்ட்டனும் அன்னா கில்லிங்காம் அம்மையாரும்தான் அதற்கென்று பாடமுறை வகுத்தனர். அங்கும் கண், காது, விரல் மூன்றையும் சேர்த்தே கற்பித்தார்கள்! நம் நாட்டில் 2016-ஆம் ஆண்டுச் சட்டம் இக்குறையை மாற்றுத்திறன்களின் பட்டியலில் சேர்த்தது. பட்டதாரிகள் சிறப்புக் கல்வியில் பி.எட். பயிலலாம், அதில் கற்றல் குறைபாடு என்பதே ஒரு தனிப்பிரிவு. நம் திருச்சியிலேயே தெப்பக்குளத்தருகே ஹோலி கிராஸ் கல்லூரியில் மறுவாழ்வு அறிவியலுக்கென ஒரு துறை இருக்கிறது. என் பெஞ்சுத் தோழி சற்றுப் பிந்திப் பிறந்திருக்கலாம்.

1952 மே 6. ஹாலந்து நாட்டுக் கடற்கரை ஊரான நூர்ட்வைக்கில் அம்மையார் மகனோடு பேசிக்கொண்டிருந்தார். வயது 81. ஆப்பிரிக்காவில் ஆசிரியர்களைப் பயிற்றுவிக்க ஆளில்லையாம்; தாம் போகலாமா என்பது பேச்சு. இந்த வயதில் வேண்டாமே என்று மாரியோ தயங்கினார். அன்றே அம்மையார் காலமானார். அவ்வூர்க் கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தார்கள்.