நீச்சல் வீரர் வைஸ்முல்லர்

எக்கலையும் முறையறிந்து பயில்வார்க்கே வசமாகும். நீந்துவோரிற் பலர், கைவலிமையே வேகந்தருமென்றெண்ணி நீரை ஓங்கியடித்து, விரைவில் இளைத்துக் கரையேறக் காண்கின்றோம். கையைச் செலுத்தும் முறையின் பெருமையைத் தம் வெற்றிகளால் உலகிற்கு உணர்த்திய ஜானி வைஸ்முல்லர் என்பாரின் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

இவர் 1904-ஆம் ஆண்டு ஜூன் 2-ஆம் நாள் பிரைடார்ப் என்னும் ஊரிற் பிறந்தார். அவ்வூர் அன்று ஹங்கேரியைச் சார்ந்திருந்தது. இன்று ருமேனியாவில் உள்ளது. இவர் கைக்குழந்தையாயிருந்தபோதே பெற்றோர் அமெரிக்காவிற் குடியேறினர். சிக்காகோ நகரில் வளர்ந்த இவர், இளமையிலேயே பள்ளியை விடுத்து ஓட்டல் ஒன்றில் ஏவலராய் அமர்ந்தார். மிச்சிகன் ஏரியே இவர்க்கு நீச்சற்பள்ளியாயிற்று.

1920-ஆம் ஆண்டில், இல்லினாய்ஸ் அத்லெடிக் கிளப்பின் நீச்சலாசிரியர் வில்லியம் பாக்ராக் இவ்விளைஞரைக் கண்டார். ஆற்றல் மிக்கிருந்தது, முறையோ செப்பமுறவில்லை. ஓராண்டு தம் சொற்படியே பயிலவேண்டுமென்றும், அதுவரை எவரோடும் போட்டியிடலாகாதென்றும் ஆசிரியர் நிபந்தனை விதித்தார். பதினாறு வயதினர்க்கு இஃது எளிய கட்டளையன்று. ஆயினும் வைஸ்முல்லர் அதற்கு உடன்பட்டார்.

அவர் கைவரப்பெற்ற கிரால் நீச்சலின் கைமுறையைச் சிறிது விளக்குவாம். நீரின்மேல் முன்னோக்கி வருங்கால் கை தளர்ந்திருக்கும். அதுவே அதற்கு ஓய்வு. பின்னர்த் தோளுக்கு நேர்முன்னே நீரிற் புகுந்து, நீரை அடியாது பற்றும். அதன்பின் முழங்கை மடிய, உடலின்கீழ் நீரைப் பின்னோக்கி இழுக்கும். தோளைக் கடந்ததும் அவ்விழுப்பே தள்ளலாக மாறி இடுப்பருகே முடியும். நீரைக் கீழ்நோக்கி அழுத்துவோன் மேலெழுவதிலேயே வலியிழப்பான். பின்னோக்கித் தள்ளுவோனே முன்னேறுவான். வைஸ்முல்லர் தலையையும் தோளையும் உயர்த்தி நீந்தினார். இக்கால வீரர் தலையைத் தாழ்த்தி நீந்துகின்றனர். எனினும் நீரைப் பின்தள்ளும் அக்கருத்தை அவர்களும் போற்றுகின்றனர்.

1921-இல் இவர் முதன்முறையாகப் போட்டியிற் கலந்து வென்றார். 1922-ஆம் ஆண்டு ஜூலை 9-ஆம் நாள் 100 மீட்டர் தூரத்தை 58.6 வினாடியில் நீந்தினார். ஒரு நிமிடத்திற்குள் அத்தூரத்தைக் கடந்தவர் இவர்க்கு முன் எவருமிலர். 1924-இல் அதனையே 57.4 வினாடியாகக் குறைத்தார். அவ்வெல்லையைப் பத்தாண்டுகள் எவரும் மீறவில்லை. அவ்வாண்டு பாரிஸ் ஒலிம்பிக் பந்தயத்தில், முன் இருமுறை வாகை சூடிய ஹவாய்த் தீவினர் டியூக் கஹானமோக்குவை வென்று, மூன்று தங்கப்பதக்கம் பெற்றார். 1928-இல் ஆம்ஸ்டர்டாமில் மேலும் இரண்டு பெற்றார்.

1927-இல் மிச்சிகன் ஏரியிற் படகொன்று கவிழ்ந்தபோது, இவரும் இவர்தம் தம்பி பீட்டரும் நீரிற் தத்தளித்த பலரைக் காப்பாற்றினர். பந்தயத்திற்கெனப் பயின்ற கைகள் அன்று பிறர் உயிர்க்கு உதவின.

1932 முதல் டார்ஜான் வேடத்திற் படங்களில் நடித்துப் பெரும்புகழெய்திய இவர், 1984-ஆம் ஆண்டு ஜனவரி 20-ஆம் நாள் மெக்சிகோ நாட்டு அகபுல்கோவிற் காலமானார்.

மாணவ நண்பர்காள்! திரைப்படத்தால் இவரை அறிந்தார் பலர். போட்டியின் இன்பத்தைத் துறந்து, முறையொன்றையே நாடி இவர் கழித்த அவ்வோராண்டை அறிந்தார் சிலரே. பின்வந்த வெற்றிகளெல்லாம் அவ்வாண்டிலே வேரூன்றியவை. நாமும் பரிசுக்கு விரையுமுன் முறையைக் கைவரப்பெறுவோமாக.