ஷண்முகம் செட்டியாரும் தேசத்தின் நாணயமும்

ஜவ்வாது மலையிலிருந்து சாமையும் புளியும் தேனும் சுமந்து அடிவாரத்துச் சந்தைக்கு இறங்கிவரும் குடியானவன், அவற்றுக்கு ஈடாகக் காகித நோட்டைப் பெற்றுச் செல்கிறான். இன்று அந்த நோட்டுக்குக் கிடைக்கும் உப்பும் துணியும் அடுத்த ஆண்டும் கிடைக்குமா என்பது அவன் கையில் இல்லை. அவன் கண்ணால் காணாத ஒரு ஸ்தாபனத்தின் கையில் இருக்கிறது. அதுவே தேசத்தின் மத்திய பாங்கு. நோட்டு வெளியிடுதல், வட்டி விகிதத்தால் கடனை ஒழுங்குபடுத்துதல், ஸர்க்காரின் கணக்கை நடத்துதல், நெருக்கடியில் மற்றப் பாங்குகளுக்குக் கடைசிப் புகலிடமாக நிற்றல் ஆகியவை அதன் கடமைகள். அந்த ஸ்தாபனம் நம் நாட்டில் பிறந்ததையும், பின்னர் தேசத்தின் உடைமையாக மாறியதையும் மிக அருகிலிருந்து கண்ட தமிழர் ஸர் ஆர். கே. ஷண்முகம் செட்டியார்.

1892-ஆம் ஆண்டு கோயமுத்தூரில் பிறந்த அவர், சென்னையில் சட்டம் பயின்று, இளமையிலேயே பொதுவாழ்வில் புகுந்தார். சுயராஜ்யக் கட்சியில் இருந்தவர், 1932-இல் ஒட்டாவா மகாநாட்டுக்குச் சென்று ஏகாதிபத்தியச் சலுகை வரிக்கு ஆதரவளித்ததைத் தேசபக்தர்கள் எளிதில் மன்னிக்கவில்லை. 1933-இல் மத்திய சட்டசபையின் தலைவரானார். ரிஸர்வ் பாங்கு மசோதா அவருடைய தலைமையின் கீழேயே விவாதிக்கப்பட்டது. பாங்கு ஸர்க்காருடையதா, பங்குதாரர்களுடையதா என்பதே பெரிய வாதம். முடிவில் 5 கோடி ரூபாய் மூலதனத்துடன் பங்குதாரர் பாங்காகவே அது 1935 ஏப்ரல் 1-ஆம் தேதி திறக்கப்பட்டது. கவர்னரை நியமிக்கும் அதிகாரம் அந்நிய ஆட்சியிடம் இருந்தது; ரூபாய்க்கு 18 பென்ஸ் என்ற விகிதமும் சட்டத்திலேயே கட்டப்பட்டது.

1934-ஆம் ஆண்டுத் தேர்தலில் தோல்வியுற்ற செட்டியார், 1935 முதல் 1941 வரை கொச்சி ஸமஸ்தானத்தின் திவானாக இருந்தார். அதற்குள் யுத்தம் மூண்டது. பிரிட்டன் இந்தியாவில் வாங்கிய சரக்குக்கு லண்டனில் ஸ்டெர்லிங் கணக்கு எழுதியது. அந்தக் கணக்கை ஈடாகக் கொண்டு ரிஸர்வ் பாங்கு இங்கே நோட்டு அச்சிட்டது. யுத்தம் முடிவதற்குள் நோட்டுப் புழக்கம் சுமார் ஆறு மடங்காயிற்று. சரக்கோ அவ்விதம் பெருகவில்லை. விலை ஏறிற்று, ஏழையின் கஞ்சி குறைந்தது. 1944-இல் பிரெட்டன் உட்ஸ் மகாநாட்டுக்குச் சென்ற இந்தியத் தூதுகோஷ்டியில் தேஷ்முக், ஷ்ராப் ஆகியோருடன் செட்டியாரும் இருந்தார். ஸ்டெர்லிங் பாக்கியைத் தீர்க்கச் சர்வதேச நிதி உதவவேண்டுமென்று இந்தியா கேட்டது, வல்லரசுகள் இணங்கவில்லை.

விடுதலைக்குப் பின் அவரே முதல் நிதி மந்திரியானார். 1947 நவம்பர் 26-ஆம் தேதி சுதந்திர இந்தியாவின் முதல் வரவுசெலவுத் திட்டத்தைச் சமர்ப்பித்தார். அப்போது ரிஸர்வ் பாங்கு பாகிஸ்தானுக்கும் மத்திய பாங்காக இருந்தது. அந்நிலை 1948 ஜூன் 30-ஆம் தேதி முடிந்தது. பாங்கைத் தேசீயமாக்கும் முடிவை 1948 பிப்ரவரியில் அவர் அறிவித்தார். ஆனால் வருமானவரி விசாரணைப் பட்டியலிலிருந்து சில பெயர்கள் நீக்கப்பட்டதைப் பற்றி எழுந்த கண்டனத்தால், அவ்வாண்டு ஆகஸ்டில் பதவி துறந்தார். சட்டம் அவர் விலகிய பின்னரே நிறைவேறியது. நூறு ரூபாய்ப் பங்கு ஒன்றுக்கு 118 ரூபாய் 10 அணா ஈடு கொடுத்து, 1949 ஜனவரி 1-ஆம் தேதி பாங்கு தேசத்தின் சொத்தாயிற்று. செட்டியார் 1953-இல் காலமானார்.

உடைமை மாறினால் மட்டும் போதுமா? 1951-52-இல் பாங்கு நடத்திய கிராமக் கடன் ஆராய்ச்சி, குடியானவனின் கடனில் நூற்றுக்கு மூன்று பங்கே கூட்டுறவுச் சங்கங்கள் தந்தவை என்றும், எழுபது பங்குக்கு அருகே லேவாதேவிக்காரர்கள் தந்தவை என்றும் கண்டது. விலைவாசி ஏற்றத்தை நூற்றுக்கு நாலு என்ற அளவை ஒட்டி நிறுத்தவேண்டும் என்ற இலக்கு 2016-இல்தான் ஏற்பட்டது. அந்நியன் கட்டளைக்கு நோட்டு அச்சிட்டது குற்றமென்றால், நம்மவர் கட்டளைக்கு வரம்பின்றி அச்சிடுவதும் குற்றமே. நாணயம் என்ற சொல்லுக்குத் தமிழில் காசு என்றும் பொருள், நேர்மை என்றும் பொருள். மலைக்குடியானவன் மடியில் முடிந்துவைத்த நோட்டு இரண்டுக்கும் சாட்சியாக இருக்கவேண்டும்.